உளி பிடித்த ஆசான்கள்

தில்லையின் வடக்குக் கோபுரத்தை 1516இல் கிருட்டிணதேவராயர் எடுப்பித்தார் என்று கல்வெட்டு கூறும். கைகூப்பிய நிலையில் அவர் உருவமும் அங்கே நிற்கிறது. அரசரைக் காட்டுவதற்கு ஆள் உண்டு. அவர் படையெடுப்பையும் கொடையையும் கதையாகச் சொல்வதற்கும் ஆள் உண்டு. அதே வாயிலில் வேறு சில உருவங்களும் உண்டு. அவற்றை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. அரசர்களுமல்ல, அடியார்களுமல்ல அவர்கள். கோபுரத்தை எழுப்பிய தச்சர்கள். தந்தையும் மகனுமாக இருவர். தமையனும் தம்பியுமாக இருவர். ஒவ்வொருவர்க்கும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர்களுள் விருத்தாசலத்துக்காரர் உண்டு என்பதும் அந்த எழுத்திலிருந்தே தெரிகிறது. நம் மாவட்டத்துக் கைகள்!

சென்ற கோடை விடுமுறையில் நம் பள்ளி மாணவர் சிலரை அழைத்துச் சென்று அந்த உருவங்களைக் காட்டினோம். ஒரு சிறுவன் கேட்டான்: "அரசர் பேரு போதாதா சார்? கட்டினவங்க பேரு எதுக்கு?"

அவன்மீது குற்றமில்லை. செம்மண்டலத்திலிருந்து மஞ்சக்குப்பம் வரை நடந்து வருகிற பிள்ளை அவன். வழியிலுள்ள சிலைகளின் பீடங்களைப் படித்திருக்கிறான். திறந்து வைத்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், வரவேற்றவர் பெயர் — எல்லாம் பொன்னெழுத்தில் இருக்கும். செய்தவன் பெயர் இராது. அதுவே உலக வழக்கென்று அவன் கொண்டதில் வியப்பென்ன?

அந்தச் சிறுவனின் கேள்விக்கு விடை தேடியே இக்கட்டுரையை எழுதுகிறோம். அதைத் தேடிப் போனால், கலையைத் தொழிலாகக் கொண்டு, கல்லூரியில் அதையே கற்பித்தும் வாழ்ந்த சிலரிடம் போய்ச் சேர்கிறோம். அவர்களைப் புகழ்வதற்காக மட்டுமல்ல, எடைபோடுவதற்காகவும் எழுதுகிறோம்.

தந்தை, மகன், தமையன், தம்பி! அந்த நான்கு உருவங்களிலேயே பழைய கல்விமுறை முழுதும் அடங்கிக் கிடக்கிறது. சாதியே கல்லூரி, வீடே வகுப்பறை, பிறப்பே நுழைவுத்தேர்வு. அந்த வீட்டில் பிறவாதவன் எத்துணை ஆர்வமுடையவனாயினும் உளியைத் தொட வழியில்லை. அந்த வீட்டில் பிறந்தவனோ விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உளியை விட வழியில்லை. கொடுமை அதோடு முடிந்ததா? தெய்வத்தின் உருவத்தைக் கல்லில் காண்பவன் அவன். கண் திறப்பவன் அவன். குடமுழுக்கு நடந்தபின் அதே உருவத்தைத் தொடும் உரிமை அவனுக்கில்லை. படைத்தவன் வெளியே, படையல் வாங்குபவன் உள்ளே! அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 1970இல் சட்டம் திருத்தப்பட்டும், பயிற்சி பெற்ற பிற சாதியினர் பலர் கையில் ஒருசேரப் பணியாணை சேர 2021 ஆகஸ்டு ஆயிற்று. அது தனிக் கதை. இங்கே நாம் கேட்பது, உளியைத் தொடும் உரிமை எப்போது பொதுவாயிற்று என்பதே.

1850இல் சென்னையில் அலெக்சாந்தர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார மருத்துவர் தம் சொந்த முயற்சியில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். இரண்டாண்டில் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. இன்று எழும்பூரை அடுத்துப் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது அதுவே. தமிழனுக்குக் கலைக்கண் திறக்கவேண்டும் என்ற கருணையால் அதனைத் தொடங்கினார்கள் என்று நாம் ஏமாறவேண்டியதில்லை. பானையும் பாத்திரமும் மரவேலையும் உலோகவேலையும் செய்யத் தெரிந்த கைவினைஞர்களை உருவாக்குவதே அவர்கள் நோக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சாட்டர்ட்டன் என்பார் அலுமினியப் பாத்திரம் அடிக்கும் தொழிலை இந்தக் கலைப்பள்ளிப் பட்டறையில்தான் சோதித்துப் பார்த்தார். நம் வீட்டு அடுக்களையில் கிடக்கும் அலுமினியக் குண்டானுக்கும் கலைக்கல்லூரிக்கும் உறவுண்டு என்றால் நம்புவார் எத்தனை பேர்?

நோக்கம் எதுவாயினும் கதவு திறந்தது. இன்ன குலத்தில் பிறந்தவனே சிற்பம் பயிலலாம் என்ற விதி அந்தக் கதவின்மேல் எழுதப்படவில்லை. அதுவே பெரிது.

1929இல் அப்பள்ளியின் தலைமைக்கு முதன்முதலாக ஓர் இந்தியர் வந்தார். வங்கத்தைச் சேர்ந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி. 1957 வரை அவரே தலைவர். மற்போர் பயின்றவர், வேட்டையாடுபவர், குழலூதுபவர், கதை எழுதுபவர். அனைத்திற்கும் மேலாக, கையில் களிமண் காயாத சிற்பி. கலைப்பள்ளித் தலைவர் என்றால் கோப்பில் கையெழுத்திடுபவர் என்றிருந்த நிலையை மாற்றி, மாணவன் கண்முன்னே வேலை செய்பவர் என்றாக்கியவர் அவர்.

இது சிறிய மாறுதலன்று, தோழர்களே! நாமும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்கள். பாடநூலிலுள்ள விடையை மாணவனுக்குச் சொல்கிறோம். நாம் தவறு செய்வதை அவன் பார்ப்பதில்லை. பார்த்தால் நம் மதிப்புக் குறையும் என்று அஞ்சுகிறோம். தொழில்புரியும் கலைஞன் ஆசானாக வரும்போது அந்த அச்சத்திற்கு இடமில்லாமற் போகிறது. கம்பிக்கூட்டின்மேல் களிமண்ணை அப்பி ஒரு வாரம் உழைத்த உருவத்தை, தோள் சரியாக அமையவில்லை என்று சனிக்கிழமை மாலை ஆசானே பிய்த்தெறிகிறான். திங்கட்கிழமை மீண்டும் தொடங்குகிறான். களிமண் உருவம் நிலைத்தபின் பாரிசுச் சாந்தில் அச்செடுப்பதும், அதன்பின் வெண்கலத்திற்குப் போவதும் மாணவன் அறியும் முறைகள். முறையை நூலிலும் படிக்கலாம். பிய்த்தெறியும் துணிவை எந்த நூலில் படிப்பது?

சென்னைக் கடற்கரையில் ராய் சௌத்ரியின் 'உழைப்பாளர் வெற்றி' 1959 சனவரியில் நாட்டப்பட்டது. அதே கடற்கரையில்தான் 1923இல் சிங்காரவேலர் இந்நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடினார். நான்கு ஆடவர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். கோவணம் கட்டிய உடல், முறுக்கேறிய முதுகு, மண்ணில் ஊன்றிய கால். அந்த உருவங்களுக்கு முன்மாதிரியாக நின்றவர்கள் கல்லூரியின் இரவுக் காவலாளியும் ஒரு மாணவரும். முடிமன்னனையும் தேவனையும் வடித்துப் பழகிய நாட்டில், கல்லூரி வாயிலைக் காத்து நின்ற ஒருவரின் உடல் கடற்கரையில் வெண்கலமாயிற்று! இந்த ஒன்றுக்காகவே அந்தச் சிலையின்முன் நாம் நின்று வணங்காமல் வணங்கலாம்.

ஆயினும் குறை சொல்லாமலிருக்க முடியவில்லை. பெயரோ வெற்றி. பார்த்தால் பாறை இன்னும் அசையவில்லை. முயற்சிதான் இருக்கிறது, வெற்றியைக் காணோம். இதனைக் குறையென்று சிலர் சொல்வர். நாம் இதனை உண்மை என்போம். நமக்குள்ள மனக்குறை வேறு. நால்வரும் ஆடவர். இந்த நாட்டில் கட்டடம் எழும்பும் இடத்தில் ஒரு மணிநேரம் நின்று பார்த்தவர்க்கு, தலையில் கலவைச்சட்டி சுமந்து சாரமேறும் பெண்ணைக் காணாமலிருக்க முடியுமா? நெய்வேலியில் நிலக்கரிக்கு மண் வெட்டிய காலத்திலும், கடலூர்த் துறைமுகத்தில் மூட்டை இறங்கிய காலத்திலும் சித்தாளின் தலை காலியாக இருந்ததில்லை. உழைப்பை வடித்த உளி, உழைக்கும் பெண்ணை ஏனோ காணவில்லை. பசியால் நலிந்தோரையும், திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டோர்க்குக் கோயில் திறந்ததையும் வடித்த கையே அது என்பதால்தான் இதனை வலியுறுத்திக் கேட்கிறோம்.

ராய் சௌத்ரியின் பெரும்பேறு அவர் சிலைகளன்று என்பது நம் துணிபு. தம்மைப்போல் வரையாத மாணவர்களைப் பெற்றதே அவர் பேறு. அவர் மேனாட்டு முறையில் தசையையும் எலும்பையும் உள்ளபடி வடித்தவர். அவரிடம் பயின்று அவருடனேயே ஆசிரியரான கே. சி. எஸ். பணிக்கரும் எஸ். தனபாலும் அந்த வழியில் நிற்கவில்லை.

பணிக்கரைப் பற்றி நாம் சற்று விரித்தே சொல்லவேண்டும். ஏனெனில் அவரிடம்தான் நமக்கு வழக்கு இருக்கிறது. கோவையில் 1911இல் பிறந்தவர். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதில் அதை விட்டுக் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தவர். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கம் கண்டவர். 1957 முதல் 1967 வரை கல்லூரித் தலைவர். அந்தப் பத்தாண்டில், 1963 அளவில், 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். படத்தைப் பார்த்ததும் நம் போன்றோர்க்குத் திடுக்கிடும். சாதகக் கட்டம்! ஓலைச்சுவடியில் எழுதியதுபோல் நுணுக்கமான எழுத்து, கோள்நிலைக் கட்டங்கள், பாம்பும் மீனும் போன்ற குறிகள்.

முதன்முதலில் அதன் அச்சுப்படத்தை ஒரு நூலகத்தில் கண்டபோது நாம் சினந்தோம். சாதகத்தை எரிக்கச் சொன்ன நாட்டில், சாதகத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் கலையா? மேனாட்டவர்க்கு 'இந்தியத்தன்மை' காட்டவேண்டும் என்பதற்காக, நம் மக்களை அச்சுறுத்தும் கட்டங்களைக் கடைவிரிப்பதா? இப்படியெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதியும் வைத்தோம்.

பின்னர் ஒருநாள் அதே படத்தில் உள்ள எழுத்துகளைப் படிக்க முயன்றோம். படிக்க முடியவில்லை. தமிழா, மலையாளமா, வேறு எழுத்தா? எதுவுமில்லை! எழுத்துப்போல் தோன்றும் கோடுகள்; கணக்குப்போல் தோன்றும் புள்ளிகள். பொருளே இல்லாத சாதகம். அப்போதுதான் நமக்கு உறைத்தது. சாதகத்தின் வலிமை அதன் கட்டத்தில் இல்லை. 'இதை நான் படிப்பேன், நீ படிக்க முடியாது' என்று சொல்லும் ஒருவனிடத்தில் இருக்கிறது. யாராலும் படிக்க முடியாத சாதகத்தை வைத்துக்கொண்டு எவனும் தட்சிணை கேட்க முடியாது. கட்டத்திலிருந்து அச்சத்தைப் பிழிந்தெடுத்துவிட்டு அழகை மட்டும் நிறுத்துகிறார் பணிக்கர். அவர் அப்படித்தான் எண்ணினாரா என்று கேட்டால், அவர் எண்ணம் எதுவோ, படம் அப்படித்தான் பேசுகிறது என்போம்.

ஆனால் அவருக்குப் பின் வந்தவர் சிலர் அதே கட்டத்தையும் முக்கோணத்தையும் வட்டத்தையும் எடுத்து, மந்திர எந்திரமாக வரைந்து, 'தாந்திரிகம்' என்று பெயரிட்டார்களே, அதை நாம் மன்னிக்க முடியாது. ஆசான் வெறுமையாக்கிய கட்டத்தில் மாணவர் மீண்டும் பூதத்தைக் குடியேற்றினர். அவர்களுடைய வண்ணம் நல்ல வண்ணம். கோடு நல்ல கோடு. கருத்து மட்டும் பஞ்சாங்கம். தொழில்புரியும் கலைஞன் ஆசானாவதில் இந்த இடரும் உண்டு என்று ஒப்புக்கொள்வோம். அவன் தேடலை மாணவன் தொடர்வதில்லை. அவன் கண்டதை மாணவன் நகலெடுக்கிறான். சென்னைக் கல்லூரியின் சிறப்பென்று போற்றப்படும் கோடும் இவ்வாறே ஒரு காலத்தில் சடங்காயிற்று. அந்தக் கோட்டிற்கு உயிர் கொடுத்தவர்களுள் ஒருவரான சந்தானராஜ், திருவண்ணாமலையில் பிறந்து அக்கல்லூரியின் முதல்வராக உயர்ந்தவர். அவர் கையில் அது துள்ளும். பிறர் கையில் அது பலமுறை வெறும் வளைவு.

பணிக்கர் செய்த பிறிதொரு செயலை அவர் படங்களைவிட உயர்வாக மதிக்கிறோம். கல்லூரியில் தேர்ந்து வெளியேறும் இளைஞன் என்ன செய்வான்? திரைப்பட அரங்கில் திரைச்சீலை தீட்டலாம். விளம்பரப் பலகை எழுதலாம். நெசவாளர் சேவை மையத்தில் சேலைக்குக் கரை வரையலாம். படம் வரைந்து வயிறு வளர்ப்பது அன்று கனவு. பணிக்கர் மாணவர்களிடம் சொன்ன வழி எளியது: கைத்தொழில் செய்யுங்கள், அதை விற்றுச் சோறுண்ணுங்கள், எஞ்சிய நேரத்தில் எவனுக்கும் பணியாமல் வரையுங்கள். மெழுகிட்டுச் சாயந்தோய்க்கும் பத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் செய்து விற்றார்கள். அந்தப் பணம் சேர்ந்துதான் 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணலில் நிலம் வாங்கப்பட்டது. சோழமண்டலக் கலைஞர் கிராமம் பிறந்தது. புரவலர் மாளிகையில் காத்துக்கிடவாமல், அரசு உதவியை எதிர்பார்த்து ஏங்காமல், தம் கையால் தம் கூரையைத் தாமே அமைத்துக்கொண்ட கூட்டுறவு! 'சோழமண்டலம்' என்ற பெயரில் பழம்பெருமை மணக்கிறதென்றால் மணந்துவிட்டுப் போகட்டும். அந்த மண்ணுக்கு விலை கொடுத்தது சாயத்தொட்டியில் நனைந்த கை.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 'கலை' வேறு, 'கைத்தொழில்' வேறு என்று படித்தவர்கள் பேசுகிறார்களே, அது என்ன பிரிவினை? ஓவியன் மேலே, குயவன் கீழே. சிற்பி மேலே, கொல்லன் கீழே. பெயரை மாற்றிக்கொண்டு வந்த வருணமன்றோ அது? சென்னைக் கல்லூரியிலேயே அந்தப் பிரிவினை வேரோடியிருந்தது. அதைத் தகர்த்தவர்கள் பேச்சாளர்களல்லர், கையில் சுத்தியலெடுத்தவர்கள். பி. வி. ஜானகிராம் என்ற சிற்பி, கோயில் உருவங்களுக்குக் கவசம் அடிக்கும் கம்மியர் செய்வதைப்போல் செப்புத் தகட்டைத் தட்டி மடித்து ஒட்டியே தம் சிற்பங்களைப் படைத்தார். கம்மியன் பட்டறையிலிருந்த நுட்பம் கலைக்கூடத்தில் ஏறி நின்றது. நம் வண்டிப்பாளையத்தில் கொலுப்பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. பொம்மையை வாங்கிப் படியில் வைக்கிறவனைப் பக்தன் என்கிறோம். செய்கிறவனைக் கலைஞன் என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. கொலுவில் நமக்கு உடன்பாடில்லை. அந்த விரல்களில் எப்படி உடன்பாடில்லாமற் போகும்?

தனபால் அவர்களைப் பற்றி எழுதும்போது எழுதுகோல் தானே மெல்ல நடக்கிறது. மயிலாப்பூரில் 1919இல் பிறந்தவர். ஓவியம் பயின்றார், நடனம் பயின்றார். ஆசிரியரான பின்பே சிற்பத்திற்குத் திரும்பினார். சிற்பக்குலத்தில் பிறந்தவரல்லர். பிறப்பே தகுதி என்றவர்களுக்கு அவர் கையே மறுப்புரை. 1970களில் கல்லூரியின் முதல்வராயிருந்தார். துறையூரை அடுத்த சிற்றூரிலிருந்து 1959இல் சென்னைக்கு வந்து நின்ற ஆதிமூலம் என்ற இளைஞரைக் கைப்பிடித்துக் கல்லூரிக்குள் கொண்டுவந்தவர் தனபாலே. அந்த ஆதிமூலம் பின்னாளில் காந்தியாரைக் கோடுகளில் வரைந்தார். தமிழ் நூல்களின் அட்டைகளுக்கும் இதழ்களின் தலைப்புகளுக்கும் புது எழுத்துருவம் கொடுத்தார். தமிழ் எழுத்து அழகாயிருக்க முடியும் என்று அச்சுத்தொழில் அவரிடம் கற்றுக்கொண்டது.

பெரியாரின் தலையைச் சிற்பமாக வடித்தார் தனபால். மழமழவென்று மெருகிட்ட உருவமன்று அது. களிமண்ணில் விரல் அழுந்திய தடம் அப்படியே இருக்கும். தாடி மயிராகத் தெரியாமல் ஒரு திணிவாக இறங்கும். பார்ப்பவனைப் பணியச் சொல்லாத சிற்பம். ஒரு கிழவர் உங்களிடம் வாதாடக் காத்திருக்கிறார் என்று தோன்றும். அதன் அருகே, நம் நாற்சந்திகளில் நிற்கும் பெரியார் உருவங்களை நினைத்துப் பாருங்கள். ஒரே அச்சு, ஒரே கைத்தடி, ஒரே பொன்வண்ணப் பூச்சு.

கோபித்துக்கொள்ள வேண்டா, தோழர்களே! கடலூரில் 1944இல் அவர்மீது செருப்பு வீசப்பட்டதும், ஒற்றைச் செருப்பு யாருக்கும் பயன்படாதென்று அவர் வண்டியைத் திருப்பி மற்றொன்றையும் தேடிச் சென்றதும், அதே ஊரில் 1972இல் அவருக்குச் சிலை எழுந்ததும் நம் குழந்தைகளும் அறிந்த வரலாறு. சிலை எழுப்பியது சரி. செருப்புக்கு விடையாகச் சிலை, அதுவும் சரி. ஆனால் உருவ வழிபாட்டை மறுத்த ஒருவருக்கு உருவம் அமைக்கும்போது, அந்த உருவம் கோயில் உருவத்தினின்று வேறுபட வேண்டாவா? எப்படி வேறுபடுவது என்று தனபால் செய்து காட்டியிருக்கிறார். அதைப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? சிலைகளை நட்டோம், சிற்பிகளை வளர்த்தோமா?

இதே கேள்வியைக் கணபதி தபதியின் படைப்புகளின் முன்னும் கேட்கவேண்டியிருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957இல் அரசு சிற்பப் பயிற்சிக்கென ஒரு நிலையம் கண்டது. முதலில் தலைமை ஏற்றவர் வைத்தியநாத தபதி. 1961இல் அவருக்குப் பின் வந்தவர் அவர் மகன் கணபதி. பாருங்கள், தில்லைக் கோபுரத்துத் தந்தையும் மகனும் மீண்டும் வந்துவிட்டார்கள்! ஆனால் ஒரு வேறுபாடு: இப்போது அது வீடன்று, கல்லூரி. தபதியின் மகனல்லாதவனும் விண்ணப்பம் போடலாம். மரபறிந்த தந்தையும் மகனும் தம் குலத்தின் திறவுகோலைப் பொதுவில் வைத்தார்கள் என்று நாம் அதைப் படிக்கிறோம்.

சிதம்பரத்திலிருந்து தெற்கே போனால் பூம்புகார். 1973இல் அங்கே எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் கணபதி தபதியின் கைவண்ணம். ஆகம மரபில் தோய்ந்த உளிகள், ஒரு வணிகன் மனைவி அரசனிடம் நீதி கேட்ட கதையைச் சுவரெங்கும் செதுக்கின. அதைச் செய்வித்தவர்களைப் பாராட்டுகிறோம். குமரிமுனையில் 2000 சனவரி முதல் நாளன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவரும் அவர் படைப்பே. பீடம் 38 அடி, உருவம் 95 அடி. அதிகாரக் கணக்கை அடிக்கணக்காக்கியதில் ஒரு புலவர்க் குறும்பு இருக்கிறது. அலையும் புயலும் அறையும் பாறையில், 2004இல் ஆழிப்பேரலை வந்தபோதும் அசையாமல் நின்றது. அந்தப் பொறியியலுக்குத் தலைவணங்குகிறோம். உருவத்தைப் பற்றிச் சொன்னால், இடுப்பில் ஒரு சிறு வளைவு தெரிகிறதே, அது ஆடவல்லானிடமிருந்து வந்தது. வள்ளுவரை நம் தில்லைக் கூத்தனாக்கி நிறுத்தியது சரியா? மரபறிந்தவனின் கை தன்னையறியாமல் போன இடம் அது என்று கருதுகிறோம். நிமிர்ந்து நிற்கும் மனிதனை வடிக்கும் இலக்கணம் சிற்பநூலில் இல்லாதபோது, அவர் இருந்த இலக்கணத்தைக் கொண்டு வடித்தார். அந்தப் புதிய இலக்கணத்தை எழுதவேண்டியது யார்? நம் பிள்ளைகளன்றோ?

அந்தப் பிள்ளைகளுக்கு நாம் என்ன செய்திருக்கிறோம்? தமிழ்நாட்டில் ஓவியத்திற்கும் சிற்பத்திற்குமான அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ளன. சிற்பக்குலத்தில் பிறந்து தற்காலச் சிற்பம் படைத்த வித்யாசங்கர் தபதி போன்றோர் கற்பித்த இடம் கும்பகோணம். சிதம்பரத்தில் 1929இல் பல்கலைக்கழகம் எழுந்தது. இசைக்கெனக் கல்லூரி வாய்த்தது. தமிழிலே பாடு என்று 1940களில் ஒரு போரே நடந்தது. இசைக்கு நடந்த அந்தப் போரில் பத்தில் ஒரு பங்கு ஓவியத்திற்கு நடந்ததா? பள்ளியளவில் பாருங்கள். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசு அமர்த்தியபோது அவர்களுக்கு வகுத்த ஊதியம் மாதம் 5,000 ரூபாய். ஓவியத்தின் விலையைக் குழந்தைகள் அந்தக் கணக்கிலிருந்தே கற்றுக்கொண்டிருப்பார்கள். நாம் பணியாற்றிய ஒரு பள்ளியில், ஓவிய வகுப்பு வந்தால் கணக்காசிரியர் புகுந்துவிடுவார்; தேர்வு நெருங்குகிறதென்பார். நாமும் ஒருமுறை புகுந்ததுண்டு. வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

வண்டிப்பாளையத்துப் பொம்மைக் குடும்பத்தில் பிறந்த மாணவன் ஒருவன் நம் வகுப்பில் இருந்தான். தேர்வுத்தாளின் பின்புறமெல்லாம் படம். கவின்கலைக் கல்லூரியில் சேரலாமே என்று அவன் தந்தையிடம் சென்று சொன்னோம். "பொம்மை செய்யறதைப் படிக்கக் காலேசா, வாத்தியார் தம்பி? இதை விட்டு அவன் வெளியே போகணும்னுதானே பள்ளிக்கூடம் அனுப்பினேன்" என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை. சாதித்தொழிலிலிருந்து விடுதலை என்று மேடையில் முழங்கியவர்கள் நாம். அந்த முழக்கத்தைத்தான் அவர் திருப்பிச் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. தொழில் பிறப்பினால் சுமத்தப்படும்போது விலங்கு. அதையே ஒருவன் தேர்ந்துகொள்ளும்போது கலை. ஆனால் தேர்ந்துகொள்பவனுக்குச் சோறு கிடைக்கும் என்று காட்டாதவரை, இந்த வேறுபாட்டை அந்தத் தந்தைக்கு நாம் எப்படி விளக்குவது? ஈஞ்சம்பாக்கத்து மணலைப் பற்றிச் சொன்னோம். கேட்டுக்கொண்டார். மகன் இப்போது ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி பயில்கிறான்.

சென்ற மாதம் நம் பகுதியில் ஒரு தலைவர்க்குச் சிலை வைப்பதென்று குழு கூடியது. பீடத்துக் கல்வெட்டின் வாசகத்தை எழுதும் பொறுப்பு ஆசிரியர் என்ற முறையில் நமக்கு வந்தது. திறப்பாளர், தலைவர், முன்னிலையாளர் பதினால்வர், நன்கொடையாளர் என்று எழுதிவிட்டு, அடியில் 'சிற்பி' என்று ஒரு வரி சேர்த்தோம். குழுவினர் சிரிக்கவில்லை, இடமில்லை என்றார்கள். கல்லின் அளவு முன்னமே முடிவாகிவிட்டதாம்.

சிலை உருவாகும் கொட்டகைக்குப் போனோம். பெரியவர் ஒருவர் சாந்து உலராத தோள்மீது கரண்டியால் சட்டையின் மடிப்பை எழுப்பிக்கொண்டிருந்தார். அழகான மடிப்பு, அச்சிலிருந்து வந்ததன்று. அவரே சேர்த்தது.

"அண்ணே, கல்வெட்டில போட உங்க பேரு முழுசா வேணும்" என்றோம்.

கரண்டியை நிறுத்தாமலே கேட்டார்: "பேரா? ரசீதுல இருக்கே, தம்பி."

பிறகு ஏனோ கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நம் குறிப்பேட்டை வாங்கித் தம் பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் மெல்ல எழுதிக் கொடுத்தார். கல்லை அளந்து பார்த்தோம். முன்னிலையாளர் வரிகளைச் சற்றே நெருக்கினால் அடியில் இரண்டு விரற்கடை இடம் கிடைக்கிறது. குழு வரும் ஞாயிறன்று மீண்டும் கூடுகிறது.